சார்ஜ் நிக்கலையா? க்ளீனர் ஆப் வேண்டாம், போன்லயே இருக்கிற பேட்டரி பக்கமே போதும் – என் ரிவ்யூ

செட்டிங்ஸ்ல பேட்டரின்னு இருக்கிறதை தொட்டா 'பேட்டரி யூசேஜ்'னு ஒரு பக்கம் வரும்ல, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் இது இருக்கு, தனியா எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம், காசு இல்ல, விளம்பரம் இல்ல, ஆனா எங்க வீட்லயும் சரி தெரிஞ்சவங்க வீட்லயும் சரி இதை திறந்து உள்ள வரைக்கும் போய் பாத்தவங்க ரொம்ப கம்மி. சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னா எல்லாரும் பண்றது ரெண்டே விஷயம், ஒண்ணு ரீசன்ட்ஸ் பட்டனை அமுக்கி அங்க வரிசையா நிக்கிற ஆப் எல்லாத்தையும் மேல தள்ளி விடுறது, இல்லேன்னா ப்ளே ஸ்டோர்ல பேட்டரி சேவர்னு தேடி முதல்ல வர்றதை இன்ஸ்டால் பண்றது. முதலாவது வேலைக்கு ஆகாது, ரெண்டாவது கெடுதல்.

முதல்ல அந்த மேல தள்ளி விடுற விஷயம். ரீசன்ட்ஸ்ல ஒரு ஆப் தெரியுதுன்னா அது ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல, நீங்க கடைசியா எதெல்லாம் பாத்தீங்கன்னு காட்டுற லிஸ்ட் அது, அவ்ளோதான். அதுல பாதி ஆப் ரேம்ல, அதாவது போனோட தற்காலிக மெமரில, சும்மா உறைஞ்சு கிடக்கும். ரேம்ல கிடந்தா கரண்ட் சாப்பிடுமேன்னு கேப்பீங்க, ரேம் காலியா இருந்தாலும் நிறைஞ்சு இருந்தாலும் அதுக்கு போற கரண்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ரேமை காலி பண்ணி பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதுங்கிற கணக்கே தப்பு. மாறா, தள்ளி விட்ட ஆப்பை பத்து நிமிஷத்துல திரும்ப திறந்தா போன் அதை ஸ்டோரேஜ்ல இருந்து முதல்ல இருந்து தூக்கிட்டு வரணும், ப்ராசஸர் முழு வேகத்துல ஓடும், அதுக்கு ஆகுற கரண்ட் அதிகம். புது ஆண்ட்ராய்டுல நீங்க ஒரு ஆப்பை விட்டு வெளிய வந்து கொஞ்ச நேரத்துல, வேற எந்த வேலையும் அதுக்கு இல்லேன்னா சிஸ்டமே அதை ஃப்ரீஸ் பண்ணிடும், ப்ராசஸர் பக்கமே போக விடாது. ஆண்ட்ராய்டு 11-ல வந்த வசதி இது, 14-ல இன்னும் கறாரா ஆக்கினாங்க. ஐபோன்லயும் இதே கதைதான், 2016-ல ஒரு யூசர் நேரா அப்ப ஆப்பிள் சிஇஓவா இருந்த டிம் குக்குக்கே மெயில் போட்டு நீங்க ஆப்பை எல்லாம் மூடுவீங்களா, பேட்டரிக்கு அது தேவையான்னு கேட்டதுக்கு ஆப்பிள்ல சாஃப்ட்வேர் பக்கம் பாத்துக்கிற க்ரெய்க் ஃபெடரிகி ரெண்டுக்கும் இல்லன்னு பதில் போட்டார். அப்ப ஆண்ட்ராய்டுக்கு பொறுப்பா இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே சமயத்துல அதையேதான் சொன்னார். இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவர் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் தள்ளி விடுறதை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லிக் கொடுக்கணும்னு கை துடிக்கும்.

அப்ப பேக்ரவுண்ட் ஆப், அதாவது ஸ்கிரீன்ல இல்லாம பின்னாடி ஓடுற ஆப், பேட்டரியை தின்னவே தின்னாதான்னா, தின்னும், நல்லாவே தின்னும். ஆனா கிடக்கிற ஆப் இல்ல, தூங்குற போனை தட்டி எழுப்புற ஆப். ஸ்கிரீன் ஆஃப் ஆனதும் போன் ஆழ்ந்து தூங்கணும், அந்த நேரத்துல ப்ராசஸரை தூங்க விடாம பிடிச்சு வைக்க ஒரு ஆப்புக்கு அனுமதி இருக்கு, அதுக்கு வேக் லாக்னு பேர். பாட்டு கேக்கும்போது ஸ்கிரீன் ஆஃப் பண்ணாலும் பாட்டு ஓடுதுல்ல, அது இதனாலதான், நியாயமான காரணம். ஆனா ஒழுங்கா எழுதாத ஆப் வேலை முடிஞ்சும் அந்த பிடியை விடாம வச்சிருக்கும், விடிய விடிய.

அடுத்தது நெட். இதுதான் நிறைய பேருக்கு தெரியாதது. போன்ல டவரோட பேசுற பகுதிக்கு ரேடியோன்னு பேர், அது ஒரு சின்ன தகவலை அனுப்பிட்டு உடனே தூங்கப் போகாது, இன்னும் ஏதாவது வருமோன்னு சில செகண்ட் முழிச்சே இருக்கும், அந்த சில செகண்டும் கரண்ட் போகும். அதனால ஒரே தடவையா ஒரு பெரிய ஃபைலை இறக்குற ஆப்பை விட, சின்னச் சின்னதா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர்கிட்ட போய் எதாவது இருக்கா எதாவது இருக்கான்னு கேட்டுட்டு வர்ற ஆப் அதிக சார்ஜை தின்னும், டேட்டா கணக்குல பாத்தா ரெண்டு எம்பி கூட காட்டாது. இதுல டவர் வீக்கா இருக்கிற இடமா இருந்தா கேக்கவே வேண்டாம், கொடைக்கானல் மலைப்பாதையில பஸ் ஏறும்போது போனை பையில வச்சிட்டு தூங்கினா கூட சார்ஜ் இறங்குறது அதனாலதான், தூரத்துல இருக்கிற டவரை பிடிக்க ரேடியோ அதிக சக்தியில கத்த வேண்டியிருக்கு, அந்த நேரத்துல பேக்ரவுண்ட்ல ஆப்ஸும் சேந்து நெட் கேட்டா ரெண்டும் சேந்து அடிக்கும். மூணாவது லொகேஷன். ஜிபிஎஸ்ஸை தொடர்ந்து ஓட விடுற ஆப் ஒண்ணு இருந்தா போதும், மதியத்துக்கு மேல சார்ஜரை தேட வேண்டியதுதான்.

வாட்ஸ்அப் மாதிரி மெசேஜ் ஆப் நாள் முழுக்க ஆன்ல இருந்தும் ஏன் அவ்ளோ திங்கறதில்லன்னா, சாதாரணமா ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியா லைன் பிடிச்சு வைக்கிறது இல்ல, கூகுள் ப்ளே சர்வீசஸ்னு போன்லயே இருக்கிற ஒரு கூகுள் ஆப் எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு கனெக்‌ஷனை திறந்து வச்சிருக்கும், மெசேஜ் வந்தா அது வழியா வந்து அந்த ஆப்பை மட்டும் எழுப்பும். நல்ல ஏற்பாடு. அதனால பேட்டரி லிஸ்ட்ல கூகுள் ப்ளே சர்வீசஸ் மேல நின்னா உடனே கூகுளை திட்டாதீங்க, பல நேரம் வேற ஏதோ ஒரு ஆப் லொகேஷன் கேட்டு கேட்டு அது மூலமா வேலை வாங்கியிருக்கும், பழி இதுமேல விழும்.

சரி, இப்ப அந்த பேட்டரி பக்கம். திறந்ததும் மேல ஒரு கிராஃப், கீழ ஆப் லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சதவீதம். இந்த சதவீதத்தை பாத்து பயப்படாதீங்க, பல போன்ல அது மொத்த பேட்டரில இவ்ளோங்கிற கணக்கு இல்ல, இதுவரைக்கும் செலவான சார்ஜ்ல இவ்ளோ பங்குங்கிற கணக்கு. பத்து பர்சென்ட் தான் செலவாகி இருக்குன்னா, ஒரு ஆப் 40% னு காட்டினா அது மொத்த பேட்டரில நாலு பர்சென்ட், அவ்ளோதான். நான் இந்த சதவீதத்தை ஒரு ஓரமா வச்சுக்குவேன், அந்த ஆப்பை தொட்டு உள்ள போய் ஸ்கிரீன்ல எவ்ளோ நேரம், பேக்ரவுண்ட்ல எவ்ளோ நேரம்னு ரெண்டு வரி இருக்கும்ல அதைத்தான் பாப்பேன். முழு விஷயமும் அந்த ரெண்டு வரில இருக்கு. யூட்யூப் ரெண்டு மணி நேரம் ஸ்கிரீன்ல, பேக்ரவுண்ட்ல ஒண்ணும் இல்லேன்னா அது நீங்க பாத்ததுக்கு ஆன செலவு, அதை குறை சொல்ல முடியாது. நாலு நிமிஷம் கூட திறக்காத ஒரு ஷாப்பிங் ஆப் பேக்ரவுண்ட்ல மூணு மணி நேரம்னு காட்டினா, அதுதான் ஆள்.

அம்மா போனை வச்சு சொல்றேன். சாதாரண பட்ஜெட் போன், பேட்டரி கொள்ளளவு 5000 எம்ஏஹெச். அம்மா பேசுறது, வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்க அனுப்புறதை பாக்குறது, காலைல கொஞ்சம் பக்திப் பாட்டு, அவ்ளோதான் யூசேஜ், ஆனா ராத்திரி சார்ஜரை கழட்டிட்டு படுத்தா விடியும்போது 15% இறங்கியிருக்கும். இதை கணக்கு போட்டு பாருங்க, 5000-ல 15% னா 750 எம்ஏஹெச், எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு சுமார் 94. நல்லா தூங்குற போன் ராத்திரி முழுக்க ரெண்டு மூணு பர்சென்ட் தான் விடும், மணிக்கு இருபதை தாண்டாது. அப்ப ஏதோ ஒண்ணு ராத்திரி பூரா முழிச்சு கிடக்குன்னு தானே அர்த்தம். ஏரியாவுல ஒரு சர்வீஸ் கடையில காட்டினப்ப திறந்து கூட பாக்காம பேட்டரி போயிருச்சு மாத்திரலாம்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து பேட்டரி பக்கத்தை திறந்தா ஒரு க்ளீனர் ஆப், ரேமை சுத்தம் பண்றேன் பேட்டரியை காப்பாத்துறேன்னு சொல்ற வகை, ஸ்கிரீன்ல ஒரு நிமிஷம், பேக்ரவுண்ட்ல மணிக்கணக்கு. பேரை சொல்ல வேண்டாம்னு இருக்கேன், அந்த மாதிரி நூறு இருக்கு. எடுத்துரலாமான்னு கேட்டா அம்மா "டேய் அது அடிக்கடி க்ளீன் பண்ணு க்ளீன் பண்ணுன்னு சொல்லுதுடா, பண்ணலேன்னா போன் கெட்டுப் போயிருமாம்ல"ங்கிறாங்க. வயசானவங்களை பயமுறுத்தி விளம்பரம் காட்டி காசு பாக்குறது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம். எடுத்து விட்டேன், அதுக்கப்புறம் ராத்திரி செலவு மூணு பர்சென்ட்டுக்கு வந்துருச்சு, பேட்டரி மாத்தலை.

இந்த க்ளீனர் ஆப்ஸ் பத்தி ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியணும். அடுத்த ஆப்பை நிறுத்துறதுக்கு அதுங்க ஒரு கமாண்டை யூஸ் பண்ணும், ஆண்ட்ராய்டு 14-ல கூகுள் அதையே மூடிட்டாங்க, இப்ப அந்த கமாண்டை கூப்பிட்டா அந்த ஆப் தன்னோட சொந்த வேலையை மட்டும்தான் நிறுத்திக்க முடியும், வேற எதையும் தொட முடியாது. வெளி ஆப் ஒண்ணு போனோட மெமரியையோ பவரையோ சூட்டையோ மேம்படுத்தவே முடியாதுன்னு டெவலப்பர்களுக்கான கைடுல கூகுள் நேரடியாவே எழுதி வச்சிருக்காங்க. அதாவது ராக்கெட் பறக்கிற மாதிரி அனிமேஷன் காட்டி 1.2 ஜிபி காலி பண்ணிட்டேன்னு சொல்றது புது போன்ல வெறும் படம். ஒரு காலத்துல இந்தியாவுல நிறைய போன்ல இருந்த க்ளீன் மாஸ்டரும் டியு பேட்டரி சேவரும் 2020 ஜூன்ல மத்திய அரசு தடை பண்ண 59 ஆப் லிஸ்ட்ல இருந்துச்சு, அந்தத் தடை பேட்டரிக்காக இல்ல பாதுகாப்பு காரணம் சொல்லி, ஆனா அதுக்கு முன்னாடியே அதே வருஷம் பிப்ரவரில விளம்பர விதிகளை மீறுன கிட்டத்தட்ட 600 ஆப்பை கூகுள் ப்ளே ஸ்டோர்ல இருந்து தூக்கினப்ப க்ளீன் மாஸ்டர் கம்பெனியோட ஆப்ஸும் சேந்து போச்சு. இப்ப அதே சரக்கு வேற வேற பேர்ல வந்துக்கிட்டே இருக்கு.

இனி இந்த பக்கத்துல எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒரு ஆப்பை தொட்டு உள்ள போனா ஆண்ட்ராய்டு 12-ல இருந்து மூணு ஆப்ஷன் வரும், அன்ரெஸ்ட்ரிக்டட் (பேக்ரவுண்ட்ல தடை இல்ல), ஆப்டிமைஸ்ட் (சிஸ்டமே பாத்து முடிவு பண்ணும்), ரெஸ்ட்ரிக்டட் (பேக்ரவுண்ட்ல கட்டுப்பாடு). புதுசுல 'அலவ் பேக்ரவுண்ட் யூசேஜ்'னு ஒரு சுவிட்ச் வச்சு அதுக்குள்ள தள்ளிட்டாங்க, கம்பெனிக்கு கம்பெனி பேர் மாறும், ஆனா விஷயம் ஒண்ணுதான். எல்லாமே ஆரம்பத்துல ஆப்டிமைஸ்ட்ல இருக்கும், நூத்துக்கு தொண்ணூறு ஆப்பை அப்படியே விட்டுருங்க. அந்த ஆப்டிமைஸ்ட்ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள நிறைய வேலை நடக்குது. 2015-ல ஆண்ட்ராய்டு 6-ல டோஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சார்ஜ்ல போடாம ஸ்கிரீன் ஆஃப்ல போனை மேசை மேல அசையாம வச்சா கொஞ்ச நேரத்துல நெட்டை நிறுத்தி வேக் லாக்கை எல்லாம் கண்டுக்காம விட்டு, நடுநடுவுல கொஞ்ச நேரம் மட்டும் கதவை திறந்து எல்லா ஆப்பும் சேந்து வேலையை முடிச்சுக்கோங்கன்னு விடும். அடுத்த வருஷம் 7-ல பாக்கெட்ல போட்டு நடந்தா கூட லேசா தூங்குற மாதிரி பண்ணாங்க. 2018-ல ஆண்ட்ராய்டு 9-ல வந்த அடாப்டிவ் பேட்டரி, நீங்க எந்த ஆப்பை எவ்ளோ தடவை திறக்குறீங்கன்னு கத்துக்கிட்டு ஆப்ஸை வகை பிரிச்சு வைக்கும், அடிக்கடி திறக்கிறதுக்கு சலுகை, எப்பவாவது திறக்கிறதுக்கு கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு 13-ல எட்டு நாள் தொடாம விட்ட ஆப்பை அதுவா கடைசி வகையில தள்ளிடும், அங்க போன ஆப்புக்கு பேக்ரவுண்ட் வேலைக்கு ஒரு நாளைக்கு ஒரே தடவை, பத்து நிமிஷம், அவ்ளோதான் கிடைக்கும். இதெல்லாம் நீங்க ஒண்ணுமே பண்ணாம நடக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடாம போட்டுக்க சொல்றது இதுக்காகவும்தான்.

ரெஸ்ட்ரிக்டட் யாருக்கு? நோட்டிபிகேஷன் வராட்டியும் பரவாயில்லங்கிற ஆப்புக்கு மட்டும். ஷாப்பிங், கேம், டிக்கெட் புக் பண்றது, எப்பவோ ஒரு தடவை லோன் விவரம் பாக்க போட்டது. அன்ரெஸ்ட்ரிக்டட் யாருக்குன்னா, லேட்டா வந்தா வாழ்க்கைல நஷ்டம் ஆகுற ஆப்புக்கு.

என் தம்பி மதுரைல ஃபுட் டெலிவரி ஓட்டுறான், அவனுக்கு போன்தான் தொழில். டெலிவரி ஆப் ட்யூட்டில இருக்கிற வரைக்கும் லொகேஷன் அனுப்பிக்கிட்டே இருக்கும், அது செலவு இல்ல, சம்பாத்தியம். ஆனா அவன் போன்ல அந்த ஆப்பையே போன் கம்பெனியோட சாஃப்ட்வேர் தூங்க வச்சிருச்சு, ஸ்கிரீன் ஆஃப் பண்ணி பாக்கெட்ல போட்டு கோரிப்பாளையத்துல காத்துக்கிட்டு நின்னா ஆர்டர் அவனுக்கு வராம அடுத்தவனுக்கு போயிரும், அவனும் ஆப்தான் சரியில்லன்னு நினைச்சு அழிச்சு அழிச்சு திரும்ப போட்டுக்கிட்டு இருந்தான். பேட்டரி பக்கத்துல அந்த ஒரு ஆப்பை அன்ரெஸ்ட்ரிக்டட்ல வச்சதும் சரியாச்சு. அப்ப சார்ஜ் இன்னும் சீக்கிரம் இறங்கணுமே, இறங்கல, ஏன்னா அப்பவே ஒரு ஷார்ட் வீடியோ ஆப்பையும் ரெண்டு ஷாப்பிங் ஆப்பையும் ரெஸ்ட்ரிக்டட் பண்ணேன், அதுல ஒண்ணுக்கு லொகேஷன் 'எப்பவும்'னு அனுமதி கொடுத்து வச்சிருந்தான், அதை 'ஆப் யூஸ் பண்ணும்போது மட்டும்'னு மாத்தினேன். ஆண்ட்ராய்டு 10-ல இருந்து இந்த சாய்ஸ் இருக்கு, பிரைவசில போய் லொகேஷன் பெர்மிஷன்னு பாத்தா எப்பவும் அனுமதி இருக்கிற ஆப் எல்லாம் தனியா வரிசையா வரும், இன்னிக்கே ஒரு தடவை பாருங்க. பவர் பேங்க் இல்லாம ராத்திரி ட்யூட்டியை முடிக்கிறான் இப்ப.

இந்த தூங்க வைக்கிற விஷயத்துலதான் எனக்கு பெரிய குறை, ஆனா அது ஆண்ட்ராய்டு மேல இல்ல, போன் கம்பெனிங்க அதுக்கு மேல போடுற தங்களோட சொந்த சரக்கு மேல. பெட்டில ரெண்டு நாள் பேட்டரின்னு போட்டுக்கணும்ங்கிறதுக்காக சில கம்பெனிங்க கண்ணை மூடிட்டு பேக்ரவுண்ட்ல இருக்கிற எல்லாத்தையும் அடிச்சு நிறுத்துவாங்க, மாத்திரை ரிமைண்டர் அடிக்காது, நடை கணக்கு பாதில நிக்கும், வாட்ஸ்அப் மெசேஜ் நீங்க போனை கைல எடுக்கும்போது மொத்தமா வந்து கொட்டும். இதுக்குன்னே 'டோன்ட் கில் மை ஆப்'னு ஒரு சைட் இருக்கு, ஸ்லீப் ஆஸ் ஆண்ட்ராய்டுங்கிற தூக்கத்தை கணக்கு பாக்குற ஆப்பை பண்ற டெவலப்பர்கள் நடத்துறது, எந்த கம்பெனி எவ்ளோ மோசம்னு வரிசை போட்டு, ஒவ்வொரு போன்லயும் எந்த செட்டிங்கை எங்க போய் மாத்தணும்னு எழுதி வச்சிருக்காங்க, அருமையான வேலை. சாம்சங்ல 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்'னு மூணு லிஸ்ட் இருக்கும், முக்கியமான ஆப்பை கடைசி லிஸ்ட்ல போட்டுருங்க. ஷாவ்மில 'ஆட்டோஸ்டார்ட்'னு தனியா ஒரு அனுமதி இருக்கு, பேட்டரில 'நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' கொடுத்தா மட்டும் பத்தாது, இதையும் ஆன் பண்ணணும். வீட்ல சுகர், பிரஷர்னு மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா அவங்க ரிமைண்டர் ஆப்புக்கு இதை இன்னிக்கே செஞ்சு வைங்க. போன்லயே வர்ற கடிகாரத்துல வைக்கிற அலாரத்துக்கு இந்த பிரச்சனை இல்ல, டோஸ்ல இருந்தாலும் அடிக்கும், அதனால வெளி ஆப்பே வேண்டாம்னு அதுல வச்சாலும் நல்லதுதான்.

பெரிய கம்பெனி ஆப்தானே அது ஒழுங்கா இருக்கும்னு நம்பிரக் கூடாது, அதுக்கும் இந்த பக்கம் உதவும். 2015 அக்டோபர்ல ஐபோன்ல ஃபேஸ்புக் ஆப் பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷை (திறக்காதப்பவும் ஆப் தன்னை புதுப்பிச்சுக்க கொடுக்கிற அனுமதி) ஆஃப் பண்ணாலும் பேட்டரியை தின்னுதுன்னு ஊரே கத்தி, கடைசில ஃபேஸ்புக்கே ஒத்துக்கிட்டாங்க, நெட் வேலையை பாக்குற கோட்ல ப்ராசஸர் சும்மா சுத்திக்கிட்டே இருந்த ஒரு தப்பும், வீடியோ பாத்துட்டு வெளிய வந்த பிறகும் ஆடியோவை மூடாம சத்தமே இல்லாம ஓட விட்ட ஒரு தப்பும். 2025 மே கடைசில இன்ஸ்டாகிராம் ஆண்ட்ராய்டு போன்ல சார்ஜை உறிஞ்சுதுன்னு சொல்லி, சரி பண்ண அப்டேட் வந்திருக்கு உடனே போட்டுக்கோங்கன்னு கூகுளே சொன்னாங்க. அதனால நேத்து வரைக்கும் நல்லா இருந்த போன் திடீர்னு இன்னிக்கு சூடாகி சார்ஜ் இறங்குதுன்னா, பேட்டரி ஒரே நாள்ல கிழவனாகாது, ஏதோ ஒரு ஆப் அப்டேட் ஆகியிருக்கும், பேட்டரி பக்கத்துல போய் பேக்ரவுண்ட் நேரத்தை பாருங்க, ஆளை பிடிச்சு அப்டேட் வருதான்னு பாருங்க, வராட்டி அது வர்ற வரைக்கும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' பட்டனை அமுக்கி அந்த ஆப்பை நிறுத்தி வைங்க. எல்லா ஆப்பையும் தள்ளி விடுறது வேஸ்ட்டுன்னு சொன்னேன்ல, இப்படி கோளாறு வந்து திணறுற ஒரே ஒரு ஆப்பை நிறுத்துறது வேஸ்ட் இல்ல, அது வேற.

கூகுள் இப்ப இன்னொரு நல்ல வேலை பண்ணியிருக்காங்க. ஸ்கிரீன் ஆஃப்ல நியாயமான காரணம் இல்லாம 24 மணி நேரத்துல மொத்தம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேக் லாக் பிடிச்சா அது அதிகம்னு கணக்கு, ஒரு ஆப்போட யூசர் செஷன்ல, அதாவது ஆளுங்க அதை யூஸ் பண்ற கணக்குல, 5 சதவீதத்துக்கு மேல அப்படி இருந்தா 2026 மார்ச் 1-ல இருந்து ப்ளே ஸ்டோர்ல அதை முன்னால காட்டாம பின்னால தள்ளலாம், சில ஆப்புக்கு இது பேட்டரியை அதிகம் எடுக்கும்னு அதோட பக்கத்துலயே எச்சரிக்கை போடலாம்னு அறிவிச்சாங்க. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சா எவ்ளோ நல்லது, பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது.

பேட்டரி பக்கத்துல குறை இல்லாம இல்ல. எந்த ஆப் எத்தனை தடவை போனை எழுப்புச்சுன்னு காட்டவே காட்டாது, அந்த விவரம் சிஸ்டம்ல இருக்கு, டெவலப்பருங்க பேட்டரி ஹிஸ்டாரியன்னு ஒரு டூல்ல போட்டு பாக்குறாங்க, சாதாரண ஆளுக்கு மறைச்சுட்டாங்க. டவர் வீக்கா இருந்ததால எவ்ளோ போச்சுங்கிறதும் பல போன்ல தனியா தெரியாது. அதை விட மோசம் இடம், ஒரு கம்பெனில செட்டிங்ஸ், பேட்டரி, யூசேஜ்னு நேரா போகலாம், இன்னொண்ணுல 'டிவைஸ் கேர்' உள்ள, இன்னொண்ணுல செக்யூரிட்டி ஆப் உள்ள, அம்மாவுக்கு போன்ல வழி சொல்லிக் கொடுக்கவே முடியல, நேர்ல போனாத்தான் ஆகுது. ஐபோன்ல இந்த விஷயம் சுத்தமா இருக்கு, எல்லாருக்கும் ஒரே இடம், ஒவ்வொரு ஆப்புக்கும் ஸ்கிரீன்லயா பேக்ரவுண்ட்லயான்னு நேரா எழுதியிருக்கும், பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ்னு ஒரு லிஸ்ட், தேவையில்லாததை ஆஃப் பண்ணா முடிஞ்சது. ஆண்ட்ராய்டு 13-ல இருந்து நோட்டிபிகேஷன் பட்டையை முழுசா கீழ இழுத்தா அடில இப்ப எத்தனை ஆப் ஓடுதுன்னு காட்டி ஸ்டாப் பட்டனும் கொடுக்கிறாங்க, நல்ல வசதி, ஆனா எழுத்து அவ்ளோ சின்னது, இருக்கிறதே நிறைய பேருக்கு தெரியாது. ஒரு நட்சத்திரம் இதுக்காக குறைக்கிறேன், அஞ்சுக்கு நாலு.

கரண்ட் எவ்ளோ போகுதுன்னு மில்லிஆம்பியர் கணக்குல தெரியணும்னு ஆசை இருக்கிறவங்க அக்யூ பேட்டரிங்கிற ஆப்பை போட்டுக்கலாம், சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் கரண்டை அளந்து எழுதி வைக்கும், பேட்டரியோட உண்மையான கொள்ளளவு இப்ப எவ்ளோன்னும் மதிப்பிட்டு சொல்லும், எதையும் நிறுத்துறேன் சுத்தம் பண்றேன்னு சொல்லாது, அதனாலேயே எனக்கு பிடிக்கும். ஆனா அளக்க மட்டும்தான், சரி பண்ண அந்த செட்டிங்ஸ் பக்கம்தான்.

பேட்டரியை மாத்தணுமா இல்ல ஆப்தான் காரணமான்னு குழப்பமா இருந்தா ரெண்டு ராத்திரி போதும். முதல் ராத்திரி எப்பவும் போல வச்சுட்டு படுக்கும்போது எவ்ளோ, எழும்போது எவ்ளோன்னு எழுதி வைங்க, அடுத்த ராத்திரி ஏரோப்ளேன் மோட்ல போட்டு, வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு, அதே மாதிரி எழுதுங்க. நெட் இல்லாத ராத்திரில ரெண்டு பர்சென்ட்டும் நெட் இருந்த ராத்திரில பதினஞ்சும் போயிருந்தா பேட்டரியை மாத்தவே வேண்டாம், ஆப்போ டவரோதான் காரணம், லிஸ்ட்ல போய் தேடுங்க. ரெண்டு ராத்திரியும் ஒரே மாதிரி நிறைய இறங்கி, லிஸ்ட்லயும் பேக்ரவுண்ட்ல ஓடின ஆப் எதுவும் சிக்கலேன்னா, இல்ல முப்பது பர்சென்ட்ல இருக்கும்போதே போன் திடீர்னு ஆஃப் ஆகுதுன்னா, அப்ப அந்த ரெண்டு நம்பரையும் எடுத்துக்கிட்டு கடைக்கு போங்க, பின்னாடி கவரை திறக்கிறதுக்கு முன்னாடி அதை அவங்ககிட்ட காட்டி பேசுங்க.